நேபாள பூகம்பத்தில் மூன்று தார்ப்பாய்கள்: ஒரு கடைக்காரனின் மதிப்பீடு

மதுரையில் எனக்குத் தார்ப்பாய்க் கடை. லாரி படுதா, நெல் காயப்போடும் விரிப்பு, பந்தலுக்கு மேல் போடுவது, கோழிப் பண்ணைத் திரை எல்லாம் உண்டு. எந்த கம்பெனிச் சரக்கை எடுத்துப் போட்டாலும் கிராமத்திலிருந்து வருகிறவர் "சில்பாலின் கொடுங்க" என்றுதான் கேட்பார். துணியை விரலால் கசக்கிப் பார்த்தே எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று சொல்லிவிடுவேன் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பெயர். 2015 மே மாதம் அந்தத் திமிரோடுதான் நேபாளத்துக்குக் கிளம்பினேன்.

ஏப்ரல் 25, சனிக்கிழமை, அந்த ஊர் நேரம் 11:56க்கு 7.8 அளவில் பூமி குலுங்கியது. மையம் கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் பக்கம். கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் முழுதாகப் போயின. சனிக்கிழமை அங்கே பள்ளி விடுமுறை. இல்லையென்றால் குழந்தைகள் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். அடுத்த வாரமே அந்த நாட்டு நிதியமைச்சர் ராம் சரண் மகத், டூனா மீனும் மயோனைஸும் வந்து இறங்குகின்றன, எங்களுக்குத் தேவை தானியமும் உப்பும் சர்க்கரையும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கூடாரமும் தார்ப்பாயும் கேட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் எங்கள் நண்பர் குழு என்னைத்தான் பார்த்தது. ஆறு லட்சம் வசூலாகியிருந்தது. "உன் தொழில்தானே, நீயே வாங்கு, நீயே கூட வா" என்றார்கள்.

மதுரையிலிருந்து லாரியில் ஏற்றுவது வீண் செலவு என்று டில்லி பக்கம் ஓர் ஆலையில் ஆர்டர் போட்டேன். பெயர் வேண்டாம். சரக்கு கோரக்பூர் வந்தது. அங்கிருந்து சுனௌலி எல்லை, பைரஹவா, புட்வல், நாராயண்கட், முக்லிங் வழியாகக் கோர்க்கா. மே 12 அன்று 7.3 அளவில் மறுபடி ஒரு பெரிய ஆட்டம் வந்து அடங்கியிருந்த சமயம். வழியில் பாறை உருண்டு கிடந்த இடங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது பயணக் கட்டுரையாகிவிடும். சரக்குக்கு வருகிறேன்.

முதலில் நான் வாங்கிப்போன நீலத் தார்ப்பாய். 12க்கு 18 அடி, 90 ஜிஎஸ்எம், விலை 430 ரூபாய், மொத்தம் 600. ஒன்றரை மடங்கு எடையில் 400 வாங்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். "வீட்டுக்கு ஒன்று என்றாலும் கிடைக்கட்டும், எண்ணிக்கைதான் முக்கியம்" என்று அடித்துச் சொன்னது நான். அதை மறைக்க விரும்பவில்லை.

90 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் 90 கிராம் நிற்க வேண்டும். 12க்கு 18 அடி என்பது 20 சதுர மீட்டர். ஆக ஒரு பாய் 1 கிலோ 800. தரௌதி ஆற்றோரம் ஒரு பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சும்மா அங்கிருந்த தராசில் ஒன்றைத் தூக்கி வைத்தேன். ஒன்றரை கிலோ. இன்னொன்றை வைத்தேன். அதுவும் ஒன்றரை. அதாவது 75. கோரக்பூரில் என் விரல் அதை 90 என்றுதான் சொல்லியிருந்தது. டீ இறங்கவில்லை.

அப்புறம் அந்த நீலப் பாய் மலையில் எப்படி நடந்துகொண்டது? வெயிலுக்குப் பரவாயில்லை. காற்றுக்கு ஆகவில்லை. ஓரத்தில் கயிறு கட்டும் ரிங்குகள் மூன்றாம் நாளே கழன்றன. ரிங் கழன்றால் கிழிசல் உள்ளே ஓடும். ஆனால் இந்தப் பிரச்சினைக்கு அந்த ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே வழி இருந்தது. ஒரு பாட்டி, கோழிமுட்டையில் பாதியளவுக் கூழாங்கல் ஒன்றை எடுத்துப் பாயின் உட்பக்கம் வைத்தாள். துணியோடு சேர்த்துக் கல்லைப் பிடித்து முறுக்கி, அதன் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தாள். கட்டு இறுகியது, துணி கிழியவில்லை. ரிங்கே தேவையில்லை. மரச்சட்டத்தில் ஆணி அடிக்கும்போது பழைய ரப்பர் செருப்பை ரூபாய் அளவுக்கு வெட்டி ஆணிக்கு அடியில் கொடுத்தார்கள். ரிங் பஞ்ச் மெஷினை நான் மதுரையிலிருந்து தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பை திறக்கவே இல்லை.

இரண்டாவது, செஞ்சிலுவைக்காரர்களும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த வெள்ளைத் தார்ப்பாய். பக்கத்து வார்டில் வேறு குழு கொடுத்திருந்தது. 4க்கு 6 மீட்டர். எடை ஐந்து கிலோவை ஒட்டி. கறுப்பு நாரில் நெய்து இரண்டு பக்கமும் வெள்ளைப் பூச்சு கொடுத்தது. அகலப் பட்டைகள் வைத்துப் பலப்படுத்தி அவற்றிலேயே கயிறு கட்டத் துளை விட்டிருந்தார்கள். உலகம் முழுக்கப் பேரிடர் வேலைக்கு என்றே வரையறுத்த சரக்கு. தையலைப் பார்த்ததும் எனக்குப் பொறாமை.

ஆனால் அளவில் ஒரு விஷயம் இருக்கிறது. கடைக்காரனாகச் சொல்லாமல் விட முடியாது. 4க்கு 6 என்றால் 24 சதுர மீட்டர். ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் தரை வேண்டும் என்று நிவாரணக்காரர்களின் ஸ்பியர் கையேடு சொல்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 17.5. காகிதத்தில் தாராளமாக இருக்கிறது. நடுவில் ஒரு கழி போட்டு இரண்டு பக்கமும் சரித்துக் கட்டிப் பாருங்கள். பக்கத்துக்கு 2 மீட்டர் துணி. 3 மீட்டர் அகலம் விட்டால் நடு உயரம் 1.3 மீட்டர். நெஞ்சளவு. வளர்ந்த ஆள் உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும். முன்னும் பின்னும் திறந்து கிடக்கும். வீட்டுக்கு ஒன்று கொடுத்தால் அது கூரை, சுவர் கிடையாது. செஞ்சிலுவையின் தங்குமிடப் பெட்டியில் இரண்டு பாய் வைப்பது சும்மா இல்லை. கோர்க்காவில் இடிந்த கல்லையே இடுப்புயரத்துக்கு அடுக்கி அதன் மேல் பாயை ஏற்றிக்கொண்டார்கள். மறுபடி ஆட்டம் வந்தால் அந்தக் கல் சரியுமே என்ற பயம் வேறு.

மூன்றாவது, நான் பெருமைக்கு எடுத்துப்போன இரண்டு லாரி படுதா. மெழுகு ஏற்றிய பருத்தி கேன்வாஸ். சமவெளியில் இதற்கு நிகர் கிடையாது. மலையில் இது தண்டனை. சாலை முடிந்த இடத்திலிருந்து இரண்டு மணி நேர ஏற்றம். பெண்கள் டோகோ கூடையில் வைத்து, நாம்லோ பட்டையை நெற்றியில் மாட்டித் தூக்கிப் போனார்கள். நீலப் பாய் என்றால் ஒரு கூடைக்கு இருபது. படுதாவுக்கு ஆளே கிடைக்கவில்லை. மழையில் நனைந்தால் இன்னும் கனம். கடைசியில் இரண்டையும் கீழேயே சாலையோரத்தில் அரிசி மூட்டைக்கு மேல் போட்டுவிட்டு வந்தோம்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது. நானாகக் கண்டுபிடிக்க முடியாதது ஒன்று இருந்தது.

எங்களுக்கு மொழி பெயர்த்தவன் கோயம்புத்தூரில் ஐந்து வருடம் ஃபாஸ்ட் ஃபுட் கடையில் வேலை பார்த்த பையன். பூகம்பச் செய்தி கேட்டு ஊருக்கு ஓடி வந்தவன். "அண்ணே, லிஸ்ட்ல தப்பு இருக்கு" என்றான், சுத்தக் கொங்குத் தமிழில். கிராமச் செயலாளர் அலுவலகத்தில் வாங்கிய பட்டியல் அது. நேபாளத்தில் 1997க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2017இல்தான் மறுபடி நடந்தது. ஆக அந்தச் சமயத்தில் கேள்வி கேட்க வார்டு மெம்பர் என்று ஒருவர் கிடையாது. கட்சிக்காரர்களும் வயதான ஆண்கள் சிலரும் சேர்ந்து பட்டியலைச் சரிபார்த்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பெயர், குடும்பத் தலைவர் பெயர்.

என்ன தப்பு என்றேன். "வீட்டை எண்ணியிருக்காங்க. அடுப்பை எண்ணணும்" என்றான். அங்கே கூட்டுக் குடும்பத்தில் சோறு தனியாகப் பொங்க ஆரம்பித்தால் குடித்தனம் தனி. சுலோ என்பார்கள், அடுப்பு. ஒரே கல் வீட்டில் அப்பா ஓர் அடுப்பு, மூத்த மகன் ஓர் அடுப்பு, வெளிநாட்டில் கூலி வேலைக்குப் போன இளைய மகனின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஓர் அடுப்பு. வீடு விழுந்தது ஒன்று; வெட்டவெளியில் படுத்தது மூன்று குடும்பம். பட்டியலில் கிழவர் பெயர் மட்டும். கிழவர் பாயை வாங்கிக்கொண்டு போனார். மருமகள் சோள வைக்கோலுக்கு அடியில் படுத்தாள்.

மறுநாள் தெருத் தெருவாகப் போய் அடுப்பை எண்ணினோம். 340 என்று இருந்த பட்டியல் 470 ஆனது. கட்சிக்காரர் ஒருவர் முகம் சுளித்தார். எங்களிடம் 600 இருந்ததால் தப்பித்தோம். 400 வாங்கியிருந்தால் அங்கேயே சண்டை. என் எண்ணிக்கைப் பைத்தியத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு இதுதான்.

சரி, கொடுத்தாயிற்று. மூன்று நாள் கழித்துக் கூட்டம் போட்டோம். எல்லாம் சரியா, குறை உண்டா என்று கேட்டோம். முன்வரிசையில் இருந்த ஆண்கள் எல்லாம் சரி என்றார்கள். டீ வந்தது. நான் நோட்டை மூடினேன்.

எங்களோடு வந்திருந்த திருநெல்வேலி நர்ஸ் அக்கா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. குடிதண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். மொழி பெரிதாகத் தெரியாது. பையனின் தங்கை ஹிந்தி கலந்து சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறார். ராத்திரி வந்து என்னைக் கூப்பிட்டார். "வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

வயல் வரப்பில் நின்று பார்த்தோம். யாரோ கொடுத்த சோலார் விளக்குகள் எல்லாப் பாய்க்குள்ளும் எரிந்தன. நான் கொடுத்த நீலப் பாய்கள் ஒவ்வொன்றும் சினிமாத் திரை மாதிரி இருந்தன. உள்ளே ஒரு பெண் தலை பின்னுவது தெரிகிறது. கை தூக்குவது தெரிகிறது. பக்கத்து வார்டு வெள்ளைப் பாய்களில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளை. "துணி மாத்த இருட்டு வேணும்னு விளக்கை அணைச்சுடறாங்க. அணைச்சா பயம். நடு ராத்திரி புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒதுங்கப் போறதுக்கும் பயம்" என்றார் அக்கா.

அந்த வெள்ளைப் பாயில் கறுப்பு நார் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெயிலைத் தடுக்க என்று நினைத்திருந்தேன். நிழல் தெரியாமலிருக்கவும்தான். 18 வருடம் தார்ப்பாய் விற்றிருக்கிறேன். எடை கேட்பார்கள், கலர் கேட்பார்கள், எத்தனை வருடம் தாங்கும் என்பார்கள். உள்ளே விளக்குப் போட்டால் வெளியே தெரியுமா என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் விளக்கைப் பிடித்துப் பார்த்ததில்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் என் கடையிலிருந்து சரக்குப் போனது. தார் பூசிய தகடுக் கொட்டகைகள் அங்கே அடுப்பாகக் கொதித்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். என் பாய்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து கூட்டம் கிடையாது. அக்காவும் பையனின் தங்கையும் காலையில் குழாயடியில் உட்காருவார்கள். நானும் பையனும் டீக்கடையில். கேட்டதை மாலையில் ஒரு நோட்டில் எழுதி, மறுநாள் அதே இடத்தில் போய் "இது முடியும், இது முடியாது" என்று பதில் சொன்னோம். முடியாது என்று சொன்னதற்குத்தான் மரியாதை அதிகம் கிடைத்தது. அதற்கு முன்னால் வந்துபோன மூன்று குழு பெயரும் குடியுரிமைச் சான்று எண்ணும் எழுதிக்கொண்டு போனதோடு சரி, திரும்பி வரவே இல்லை என்றார்கள்.

வதந்தியும் குழாயடிக்குத்தான் முதலில் வரும். இன்ன தேதி ராத்திரி இன்னும் பெரிய பூகம்பம் வரப்போகிறது என்று ஒன்று. இப்போது பாய் வாங்கினால் பின்னால் வீட்டுப் பணம் கிடைக்காது என்று இன்னொன்று. அதை நம்பி இரண்டு வீட்டார் பாயைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ரேடியோ நிகழ்ச்சிகள் இதற்கு நல்ல மருந்து. மிலிஜுலி நேபாளி என்று ஒன்றைப் பையன் போனில் வைப்பான். பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். அதே வேலையைப் பெரிய அளவில் ஐ.நா. பக்கத்திலிருந்தும் செய்தார்கள். அதிகம் பாதித்த 14 மாவட்டங்களில் ஆட்களை அனுப்பி, உங்கள் முக்கியத் தேவை கவனிக்கப்படுகிறதா, வேண்டிய தகவல் கிடைக்கிறதா என்று மக்களிடமே திரும்பத் திரும்பக் கேட்டு வெளியிட்டார்கள். நான் நோட்டை மூடிய கதையை அவர்கள் எத்தனை ஊரில் பார்த்தார்களோ.

மிச்சம் இருந்த பணத்துக்கு இன்னும் கெட்டியான பாய் வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். குழாயடியில் கேட்டால் திரிபால், அதாவது தார்ப்பாய், போதும் என்றார்கள். ஜூன் நடுவில் மழை பிடித்துவிடும், ஜஸ்தா வேண்டும், அதாவது தகரம். அதற்கு அரசாங்கம் வீட்டுக்கு 15,000 நேபாள ரூபாய் கொடுக்கிறது. தகரம் நாங்கள் வாங்கிக்கொள்வோம். ஆணி, கட்டுக்கம்பி, தகரம் வெட்டும் கத்தரி இதெல்லாம் மேலே கிடைப்பதில்லை, கிடைத்தால் விலை இரண்டு மடங்கு என்றார்கள். அந்தப் பட்டியல் என் மனக்கணக்கை ஓரமாக வைத்தது. நாராயண்கட் இரும்புக் கடைகளில் அள்ளிக்கொண்டு வந்தோம். பத்து அடுப்புக்கு ஒரு கத்தரி, முறை வைத்து. நாங்கள் அங்கே செய்ததிலேயே உருப்படியானது அந்தக் கத்தரிகள்தான். மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து, தயங்காமல்.

நீலப் பாய்க்கு ஒன்றரை. அந்த ஒன்றரை, சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்கும், ஆட்டம் வந்து விழுந்தாலும் ஆளைக் கொல்லாத கூரை என்பதற்கும். அந்த மாதத்தில் அது சின்ன விஷயமில்லை. வீடு நின்றவர்கள்கூட வெளியேதான் படுத்தார்கள். வெள்ளைக்கு நாலு, இரண்டாகக் கொடுத்திருந்தால் நாலரை. படுதாவுக்கு மலையில் ஒன்று, என் கடை வாசலில் ஐந்து.

நீண்ட நாள் உழைப்பைச் சொல்லாமல் தார்ப்பாயை மதிப்பிடுவது முறையில்லை. 2017 நவம்பரில் மறுபடி போனேன், சொந்தக் காசில். இடையில் இந்திய எல்லையில் சரக்கு வராத அடைப்பு வந்து ஒரு குளிர்காலமே வீணாகியிருந்தது. வீடு கட்ட 3 லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணையில்: 50,000, ஒன்றரை லட்சம், ஒரு லட்சம். அஸ்திவாரம் பார்த்து இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை. பாதிப் பேர் இரண்டாவது தவணையில் நின்றார்கள். நீலப் பாயில் ஒன்றுகூட முழுசாக இல்லை. முதல் மழைக்காலம் முடியும்போதே நாராக உரிந்துவிட்டதாம். வேலி முள்ளில் நீல நூல்கள் இன்னும் தொங்கின. வெள்ளைப் பாய்கள் பல வீடுகளில் தகரத்துக்கு அடியில் உள்கூரையாக இருந்தன. குளிரில் தகரத்தில் நீர் கோத்து மேலே சொட்டாமலிருக்க அவர்களே கண்டுபிடித்த வழி. எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காத பயன்.

முற்றத்தில் கோதோ, நம்ம கேழ்வரகு, காய்ந்துகொண்டிருந்தது. அடுப்புக் கணக்கில் பின்னால் சேர்த்த அந்த இளைய மருமகளின் வீடு. காயப்போட விரிப்பு ஒன்று வேண்டும் என்று பையனிடம் முன்பே சொல்லியிருந்தாளாம். இந்தத் தடவை யோசித்து 120 ஜிஎஸ்எம்மில் இரண்டு எடுத்துப் போயிருந்தேன். ஒன்றைப் பிரித்து நீட்டினேன். அவள் ஓரத்தை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கினாள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து என் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள்.

"பாத்லோ" என்றாள். மெல்லிசு.

இல்லையம்மா, 120 என்றேன். பையன் சிரித்துக்கொண்டே மொழி பெயர்த்தான். இறங்கும்போது அதே ஆற்றோரப் பெட்டிக்கடையில், இன்னொரு பாயைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 2 கிலோ 400 இருக்க வேண்டியது. 2 கிலோ 150.